டேப்பட் இறுக்கிய வண்டி

தேவிகுளம் கடைத்தெருவில் நின்று, போகிற வருகிற இருசக்கர வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் இந்த ஊரின் கதை பாதி தெரிந்துவிடும். கே.எல். 68 தாலுகாவின் சொந்த எண். நடுநடுவே தேனி மாவட்டத்து டி.என். 60. 1956-ல் எல்லை போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. ஆனால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குச் சம்பந்தம் பேசுவது, துணி எடுப்பது, பழைய வண்டி பார்ப்பது எல்லாம் இன்றைக்கும் எல்லையிலிருக்கும் போடிமெட்டுக்குக் கீழே, தேனிப் பக்கம்தான்.

மூணாறில் ஆசிரியராக இருக்கும் நண்பர்தான் என்னைக் கூப்பிட்டார். அவரிடம் படித்த பையன் ஒருவன் ரிசார்ட்டில் வேலை பார்க்கிறான். இரவு ஷிஃப்ட் முடிந்தால் எஸ்டேட்டுக்குத் திரும்ப பஸ் கிடையாது. ஜீப்புக்குக் கொடுத்தே சம்பளம் கரைகிறது. அவன் அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளும் தொழிலாளி; தன் போனஸ் பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். போனஸ் என்ற சொல்லுக்கு இந்த மலையில் தனிக் கனம் உண்டு. 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்று மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்தது 20 சதவீத போனஸைக் கேட்டுத்தான். அன்றைக்கு நாள் கூலி 232 ரூபாய். அப்படிப் போராடி வாங்கிய பணம் ஒரு பழைய ஸ்ப்ளெண்டரில் போய் முடங்கிவிடக் கூடாது என்பது நண்பரின் கவலை. "ஒரு மெக்கானிக் இருக்கார். அவர் பார்த்துச் சொன்னாத்தான் வாங்கணும்" என்றார்.

தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். உள்ளே நாலு வண்டி நிறுத்தத்தான் இடம். வண்டித் தரகர் முந்தின நாளே தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து அந்த ஸ்ப்ளெண்டரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். ஹெட்லைட் துடைத்து, டேங்குக்குப் பாலிஷ் போட்டு, சீட்டுக்குப் புது உறை மாட்டி நின்றது. மெக்கானிக் அதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஆறியிருக்கு. சூடா கொண்டாந்தா நான் பார்க்கவே மாட்டேன் சார். குளிர்ல ஸ்டார்ட் ஆகுதாங்கறதுதான் இந்த ஊர்ல முதல் பரீட்சை. ஜனவரி மாசம் விடியக்காலம் புல்லுல வெள்ளையா உறைஞ்சு கிடக்கும். அப்ப உதைச்சா பிடிக்கணும்."

உதைத்தார். பிடித்தது. பையன் முகம் மலர்ந்தது. எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. மெக்கானிக் உடனே அணைத்தார். அந்தச் சத்தமின்மை அவருக்குப் பிடிக்கவில்லை. வண்டி மறுபடி ஆறட்டும் என்று விட்டுவிட்டு டீ சொன்னார்.

அந்த நேரத்தில்தான் அவர் கதை வந்தது. மெக்கானிக் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். அப்பா அம்மா இரண்டு பேரும் தோட்டத் தொழிலாளிகள். பத்தாவது முடித்ததும் போடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். முதலில் சம்பளம் இல்லை, சாப்பாடு மட்டும். பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவதும் கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை. சிறு வயதில் அவர் பார்த்த மோட்டார் சைக்கிள் எல்லாம் எஸ்டேட் துரைமார் வண்டிகள். தொழிலாளி வீட்டு வாசலில் அப்படி ஒன்று நிற்கும் என்று யாரும் நினைத்ததில்லையாம். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-யும், 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100-ம் பழைய வண்டிகளாகி மலையேறிய பிறகுதான் அது மாறியது.

ஒர்க்‌ஷாப் அவருடையது. ஆனால் வீடு இன்னும் எஸ்டேட் வீடு. குடும்பத்தில் யாராவது தோட்டத்தில் வேலை பார்த்தால்தான் லயத்தில் இருக்க முடியும். அதனால் அவர் மனைவி இன்றும் கொழுந்து கிள்ளப் போகிறார். "அவ ரிட்டயர் ஆகிற அன்னிக்கு நாங்க காலி பண்ணணும். இத்தனை வண்டிக்கு உயிர் கொடுத்திருக்கேன், ஒரு சென்ட் மண்ணு கிடையாது" என்றார். குரலில் புலம்பல் இல்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

பிறகு அவர் கையில் எடுத்தது ஒரு சின்ன இரும்புத் தகட்டுக் கட்டு. விசிறி போல விரியும். ஒவ்வொரு தகட்டிலும் அதன் கனம் பொறித்திருக்கிறது. ஃபீலர் கேஜ். இவ்வளவு சின்னப் பொருள் ஒரு வியாபாரத்தின் பொய்யை உடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எஞ்சின் தலையில் இருக்கும் இரண்டு டேப்பட் மூடிகளையும் கழற்றினார். மேக்னட்டைத் திருப்பி, 'டி' குறி நேருக்கு வந்ததும் நிறுத்தினார். வால்வுக்கும் அதைத் தட்டுகிற ராக்கருக்கும் நடுவே 0.05 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அந்த அளவுத் தகட்டை நுழைத்தார். நுழையவில்லை. அதைவிட மெல்லியதை எடுத்தார். அதுவும் நுழையவில்லை.

"பார்த்தீங்களா? இறுக்கி வச்சிருக்காங்க. டேப்பட் லூசா இருந்தா டிக் டிக்னு சத்தம் வரும், வாங்க வந்தவன் பயந்துடுவான். அதுக்காக இறுக்கிட்டா சத்தம் நின்னுடும். ஆனா எஞ்சின் சூடானதும் வால்வு முழுசா மூடாது. கம்ப்ரஷன் போகும். மலை ஏறுறப்ப இழுக்காது. அப்படியே ஓட்டினா வால்வு கருகிடும். சத்தம் போடுற டேப்பட்டை நம்பலாம் சார், சத்தமே போடாததைத்தான் நம்பக் கூடாது."

அடுத்து ஆயில். அளவுக் குச்சியை உருவி விரலில் தடவினார். கம்பெனி சொல்வது 10டபிள்யூ 30. இதில் அதைவிடக் கெட்டியானது ஊற்றியிருந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி நீலப் புகை விடும். கெட்டி ஆயில் அதைக் கொஞ்ச நாளைக்கு மறைக்கும். வண்டி கைமாறும் வரை மறைந்தால் போதுமே.

ஆயிலை வைத்தே வண்டியின் ஊரைச் சொல்லிவிடுவாராம். எஸ்டேட்டுக்குள்ளேயே ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓடி நிற்கிற வண்டியில் எஞ்சின் முழுதாகச் சூடாவதில்லை. உள்ளே ஈரம் தங்கி ஆயில் பாலேறிய நிறத்துக்கு வந்துவிடும். இந்த வண்டி ஆயில் கறுப்பு, சமவெளி வண்டி. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு. போடிக்கு டியூன் பண்ணிய கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். பிளக் கரி பிடிக்கும். 

சிலிண்டர் பிளாக்கை 'போர்' போட வேண்டுமா என்று பையன் கேட்டான். ஸ்ப்ளெண்டரின் சிலிண்டர் 50 மில்லிமீட்டர் விட்டம். தேய்ந்தால் லேத்தில் கடைந்து கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடலாம். பிறகு அரை, முக்கால், ஒன்று. அதற்குமேல் பிளாக்கே மாற்ற வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர் கிலோமீட்டரைக் கேட்பதில் பயனில்லை, மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டியிருப்பார்கள். எத்தனையாவது போர் என்று கேட்க வேண்டும்.

பின் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் ஷூ கண்ணாடிபோல் மினுங்கியது. பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் போடிமெட்டு இறக்கம் இறங்குகிறவர்களின் வண்டியில் இப்படி ஆகும். சூட்டில் ஷூ இறுகிப் பிடிப்பு போய்விடும். பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கும் பிரேக் ஒன்றையே நம்புவது தற்கொலை. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று அவர் பையனிடம் இரண்டு முறை சொன்னார்.

இத்தனையும் சரி செய்யக்கூடியவை. அவர் கையில் வண்டி தேறிவிடும். தேறாதது இன்னொன்று: பேப்பர்.

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. போடிக்காரர் ஒருவர் பெயரில். தரகரிடம் இருந்தது வெறும் கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவங்கள், 29-ம் 30-ம். வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் காலி. மாநிலம் மாறினால் பழைய அலுவலகத்திலிருந்து படிவம் 28-ல் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வேண்டும். கடன் வண்டி என்றால் ஃபைனான்ஸ்காரரிடம் படிவம் 35 வாங்கி ஆர்.சி.யில் உள்ள எச்.பி. என்ற கடன் குறிப்பை நீக்க வேண்டும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநில எண் வாங்க வேண்டும், இங்குள்ள வரியும் கட்ட வேண்டும். தேனிக்கு அலைகிற ஒவ்வொரு நாளும் தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலி போகிறது. "அதெல்லாம் யார் பார்க்கப் போறா, ஓட்டுங்க" என்று தரகர் சொல்வது இந்த இடத்தில்தான் இனிக்கிறது.

விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே நின்று இரு பக்கமும் கமிஷன் வாங்குகிறார் தரகர். பணம் குறைந்தால் வட்டிக்கும் அவரே ஆள் காட்டுகிறார். நாளை விபத்து நடந்தால்? 2018 பிப்ரவரியில் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. என்றைக்கோ வண்டியை விற்ற போடிக்காரர் கோர்ட்டுக்கு அலைவார். ஓட்டிய எஸ்டேட் பையன் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பான். இருவரையும் மாட்டிவிட்ட தரகரின் பெயர் ஒரு தாளிலும் இருக்காது. 2022 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி கையில் இருக்கும் வரை அவர்களே உரிமையாளர் என்றது. நல்ல விதி. ஆனால் கடையும் போர்டும் இல்லாமல் போன் ஒன்றை வைத்து வியாபாரம் செய்கிறவரை அது எப்படிப் பிடிக்கும்? உழைப்பவர் இருவர் கடனையும் வழக்கையும் சுமக்க, ஒரு ஸ்க்ரூகூடத் திருகாதவர் லாபம் எடுப்பதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவையும் பார்த்துச் சொல்ல மெக்கானிக் வாங்கியது ஒரு சின்னத் தொகை. பையனிடம் அதையும் வாங்க யோசித்தார். அன்றைக்கு அந்த வண்டியைப் பையன் வாங்கவில்லை.

தேனி, தேவிகுளம் போக்குவரத்து அலுவலகங்கள் சேர்ந்து, மாதத்தில் ஒரு நாள் மூணாறில் உட்கார்ந்து என்.ஓ.சி.யும் பெயர் மாற்றமும் ஒரே இடத்தில் செய்து கொடுத்தால் இந்தத் தரகுக்கு வேலை இருக்காது. இரண்டு அரசுகளும் இதைச் செய்ய வேண்டும். அதுவரை, பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டு, கடன் உண்டா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் நேரில் வராத வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.