பாலையும் பானையும்

பாலை நிலத்தில் ஓடச் சென்றோம் என்று கூறினால், "ஓடுதற்கு வேறு இடம் கிடைத்திலதோ?" என்று நகைப்பார் பலர். யாமும் ஒருகாலத்தில் அவ்வாறு நகைத்தவரே. ஐந்திணையுள் ஒன்றாகப் பாலையை வகுப்பறையிற் கற்றபொழுது, அது பொருள்வயிற் பிரிந்தார் வருந்திக் கடக்கும் வழி என்றே எம் உள்ளத்திற் பதிந்தது. மாந்தர் கட்டணம் செலுத்தித் தம் விருப்பத்தால் அதனுட் புகுவர் என்று யாம் கனவினும் கருதினோம் அல்லோம். ஆயினும், அலுவல் காரணமாக அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்திற் சில ஆண்டுகள் வாழ நேர்ந்தமையால், அத்தகைய ஓட்டம் ஒன்றில் யாமும் கலந்துகொண்டோம். ஆண்டு யாம் செய்த பிழையொன்று மாணவர்க்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் அதனை மறையாது ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பீனிக்ஸ் நகருக்கு வடகிழக்கே, ஃபவுண்டன் ஹில்ஸ் என்னும் ஊரை அடுத்து, மக்டவல் மலைப் பூங்கா உள்ளது. பூங்கா என்ற பெயரைக் கேட்டு நிழல் மரங்களை எண்ணுவார் ஏமாறுவர். அது சோனோரப் பாலையின் ஒரு பகுதி. கைகளை உயர்த்தி நிற்கும் மனிதரைப்போன்ற சாகுவாரோக் கள்ளிகளும், சற்றே உரசினும் ஆடையைப் பற்றிக்கொள்ளும் சோயாக் கள்ளிகளும் அங்கு நிற்கும். மணலும் பருக்கைக் கல்லும் விரவிய ஒற்றையடிப் பாதையில், 2003 ஆம் ஆண்டு தொடங்கி, பெரும்பாலும் அக்டோபர்த் திங்களின் இறுதியில் நிகழ்ந்துவரும் ஓட்டத்திற்கு ஹாவலினா ஹண்ட்ரட் என்று பெயர். ஹாவலினா என்பது அப்பாலையில் திரியும், பன்றியை ஒத்த ஒரு விலங்கு. 100 மைல் ஓடுவார் ஐந்து சுற்றுக்களும், 100 கிலோமீட்டர் ஓடுவார் மூன்று சுற்றுக்களும் வருதல் வேண்டும். விடியலிற் குளிர் உறைக்கும். நண்பகலிலோ நிழல் என்பது நம் காலடியில் மட்டுமே கிடக்கும்.

கல்லூரியில் எமக்கு இரண்டாண்டு இளையவராய்ப் பயின்ற நண்பர் ஒருவர் அந்நாட்டின் வடபகுதியில் வாழ்ந்து வந்தார். அவரை 100 கிலோமீட்டர் ஓட்டத்திற்கு வற்புறுத்தி அழைத்தவர் யாமே. உடம்பு வெப்பத்திற்குப் பழகுதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் வேண்டும். அவ்வாறு பழகிய உடம்பில் வியர்வை விரைந்து தோன்றும். அதில் உப்பும் குறையும். யாம் பிற்பகல்தோறும் வெயிலில் ஓடிப் பழகியிருந்தோம். நண்பரோ இரண்டு நாட்களுக்கு முன்னரே வந்து சேர்ந்தார். "அண்ணா, எனக்கு இந்த வெயில் புதிது. நீங்கள் சொல்லுகிறபடியே செய்வேன்," என்றார். அச்சொல்லின் சுமையை அப்பொழுது யாம் உணர்ந்திலோம்.

எமக்கோ நூலறிவு உண்டு என்னும் செருக்கு மிகுதி. ஓட்டத்திற்கு முன்னாள் இரவு, உடம்பு குளிரும் முறையை நண்பர்க்கு ஓர் ஆசிரியரைப்போல் விளக்கினோம். மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்பொழுது உள்ளிருக்கும் நீர் குளிர்வது போலவே, வியர்வை ஆவியாவதனால் நம் உடம்பு குளிர்கின்றது. ஓடுவார் செலவிடும் ஆற்றலில் முக்காற் பங்கு வெப்பமாகவே வெளிப்படும். தோலின்மீது ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால், ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டு செல்லும். 1774 ஆம் ஆண்டில் சார்ல்ஸ் பிளாக்டன் என்னும் ஆங்கில மருத்துவரும் அவர்தம் நண்பர்களும், பாரன்ஹீட் அளவில் 260 டிகிரி வரை சூடேற்றிய அறையினுட் புகுந்து சோதித்தனர். அவ்வறையில் வைத்த முட்டைகள் வெந்து இறுகின, இறைச்சியும் வெந்தது, மனிதரோ தீங்கின்றி மீண்டனர். உலர்ந்த காற்றில் வியர்வை செய்யும் உதவி அத்தகையது.

உணவைப்பற்றியும் ஓதினோம். நெடிய ஓட்டத்தில் மணிக்கு 60 கிராம் அளவு மாச்சத்தோ சர்க்கரையோ குடல் ஏற்கும்; குளுக்கோஸும் பழச்சர்க்கரையும் கலந்து உண்டு பழகியவர் 90 கிராம் வரை ஏற்பர். ஆனால் வெயில் ஏறுங்கால், குருதி தோலைக் குளிர்விக்கச் செல்லுதலின், குடலுக்குச் செல்வது குறையும். அப்பொழுது மிகுதியாக உண்டது வயிற்றிலேயே தங்கிக் குமட்டும். ஆதலின் காலைக் குளிர்ச்சியிலேயே உண்ணத் தொடங்கி, அரைமணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உண்ணுதல் வேண்டும். இனிப்பு விரைவில் தெவிட்டும் என்றறிந்து, உப்பிட்ட சோற்றுருண்டைகளையும் எலுமிச்சை ஊறுகாய்த் துண்டுகளையும் பையில் வைத்தோம். இவையெல்லாம் சரியே.

பிழை நீரிற் புகுந்தது. அடால்ஃப் என்பாரும் அவர்தம் துணைவரும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கலிபோர்னியப் பாலையிற் படைவீரரை ஆராய்ந்து 1947 இல் வெளியிட்ட நூலைப்பற்றி யாம் கற்றிருந்தோம். வெயிலில் உழைப்பவர் தாம் இழந்த அளவுக்கு நீர் பருகுவதில்லை என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. அவ்வொன்றையே முழு உண்மையாகப் பற்றிக்கொண்டு, "தாகத்தை நம்பாதே, மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் பருகு, உணவு நிலையங்களில் அதற்குமேலும் பருகு," என்று நண்பர்க்குக் கட்டளையிட்டோம். அவர் எம்மினும் மெலிந்தவர் என்பதையும், மெல்ல ஓடுபவர் என்பதையும் எண்ணிப் பார்த்திலோம்.

முதற் சுற்று இனிதே கழிந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் தொண்டர்கள் பனிக்கட்டிகளை அள்ளி அள்ளி வழங்கினர். தொப்பியினுள் ஒரு கை, கழுத்திற் சுற்றிய துணியினுள் ஒரு கை எனப் பெற்றுக்கொண்டு, சட்டைக் கைகளையும் நனைத்துக்கொண்டோம். அவை உருகி வழிந்து நெடுநேரம் குளிர்வித்தன. இரண்டாம் சுற்றின் நடுவில், பிற்பகல் வெயிலில், நண்பர் பேச்சைக் குறைத்தார். தலை நோகின்றது என்றார். அவர் நெற்றி உலர்ந்திருந்தது. உலர்ந்த காற்றில் வியர்வை தோன்றியவுடன் மறையும் என்று முன்னாளிரவு கற்பித்த யாமே, அதனை நீர்க்குறைவென்று கருதி, "இன்னும் பருகு," என்றோம். அவர் மறுத்திலர், பருகினார். சிறிது தொலைவு சென்று வாந்தியெடுத்தார். விரலில் இருந்த மோதிரம் தசையில் அழுந்தியிருக்கக் கண்டும் எமக்குப் பொருள் விளங்கவில்லை. இன்னும் ஒரு குடுவை நீரை அவர் கையிற் கொடுத்தோம். அதை நினைக்குந்தோறும் இன்றும் எம் நெஞ்சம் நடுங்கும்.

சுற்றின் முடிவில் அவரை மருத்துவக் கூடாரத்திற்குத் தாங்கிச் சென்றோம். ஆண்டிருந்த அம்மையார் கேட்டவை இரண்டே கேள்விகள்: "எவ்வளவு நீர் பருகினார்? எப்பொழுது சிறுநீர் கழித்தார்?" பின்பு அவரை நிறுத்தனர். காலையில் 58 கிலோ இருந்தவர் அப்பொழுது 59½ கிலோ இருந்தார்! நாள் முழுதும் வியர்த்து ஓடியவர் எடை கூடுவது எங்ஙனம்? நீர் உள்ளே தங்கிவிட்டது. நீண்ட உழைப்பின்போது உடம்பு நீரைக் காத்துக்கொள்ள முயலுதலின், சிறுநீரகங்கள் மிகையான நீரை எளிதிற் கழிக்கமாட்டா. அங்ஙனம் தங்கிய நீர் குருதியிலுள்ள சோடியத்தை நீர்த்துப்போகச் செய்யும், மிகுமாயின் மூளை வீங்கும், உயிரும் நீங்கும். நண்பரின் நிலை அவ்வளவிற் செல்லவில்லை. எனினும், எம் குடுவைகள் இன்னும் இரண்டு அவருட் சென்றிருந்தால் என்னாகியிருக்கும் என்று எண்ணவும் அஞ்சினோம். நீரை அறவே நிறுத்தி, செறிவான உப்புச் சாற்றைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, அவரை அங்கேயே வைத்துக் கண்காணித்தனர்.

தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் என்பாரும் அவர்தம் துணைவரும், 7 மணிநேரத்திற்கு மேற்பட்ட போட்டிகளில் இவ்வாறு நீரால் நோயுற்ற நால்வரைப்பற்றி 1985 ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளனர் என்று பின்னர் அறிந்தோம். உப்பு வில்லைகளை விழுங்கினால் எவ்வளவு நீரும் பருகலாம் என்று கருதுவாரும் உளர். அதுவும் பிழையே, மிகையாகப் பருகிய நீருக்கு அவ்வில்லைகள் ஈடாகா. தாகம் கேட்கும் அளவே பருகுவது பெரும்பாலார்க்குத் தக்க அளவாகும்.

கூடாரத்தில் நண்பர் கண்விழித்து, "அண்ணா, இன்னும் ஒரு சுற்றுத்தானே? நீங்களாவது முடித்துவிட்டு வாருங்கள்," என்றார். எம் கால்களில் வலு இருந்தது. ஆயினும் எழ மனம் வரவில்லை. இரவில், பாதை நெடுக ஓட்டக்காரரின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு அவர் அருகில் இருந்தோம். நள்ளிரவுக்குமுன் அவர்க்குச் சிறுநீர் தாராளமாகப் பிரிந்தது. அச்செய்தியைக் கேட்டு நாம் இருவரும் சிறுவரைப்போற் சிரித்தோம். அன்று பெற்ற மகிழ்ச்சிக்கு நிகரான மகிழ்ச்சியைத் தேர்வு முடிவுகளிலும் யாம் பெற்றதில்லை.

மறு ஆண்டு நண்பர் இரண்டு வாரம் முன்னரே வந்து வெயிலிற் பழகி, மூன்று சுற்றுக்களையும் முடித்தார். யாம் ஓடவில்லை, பனிக்கட்டிப் பெட்டியைக் காத்துக்கொண்டு கூடாரத்தில் இருந்தோம். அவர் வருந்தோறும் கழுத்துத் துணியை நிரப்பினோம். தலையில் நீர் ஊற்றினோம். உப்பில் தோய்த்த உருளைக்கிழங்கை நீட்டினோம். குடுவையைப் பாதி நீருடன் அவர் திருப்பித் தந்தபோது, "ஏன் பருகவில்லை?" என்று கேட்க நா எழுந்தது; அடக்கிக்கொண்டோம்.

முன்னாளிரவு யாம் விளக்கிய பானையை யாமே அறிந்திலோம் என்பது இப்பொழுது விளங்குகின்றது. பானை குளிர்வது விளிம்புவரை நிறைத்து வைப்பதனால் அன்று. புறத்தே ஈரம் கசிந்து உலர்வதனால். அன்று யாம் நண்பரைக் குடிக்கச் செய்த நீரிற் பாதியை அவர் தலையில் ஊற்றியிருந்தால், அவர் குளிர்ந்திருப்பார். மூன்றாம் சுற்றையும் நாம் இருவரும் சேர்ந்தே ஓடியிருப்போம்.