ஒன்றும் ஒன்றும் இரண்டாகுமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

தனி மரம் தோப்பாகாது என்பார்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். கூடுவதன் பெருமையைச் சொல்ல நம்மிடம் பழமொழிக்கா பஞ்சம்? ஆனால், கூடினால் எத்தனை மடங்கு ஆகும் என்று கணக்குச் சொன்ன பழமொழி ஒன்றையும் நான் கேட்டதில்லை. அந்தக் கணக்கைத் தேடும் வாய்ப்பு சென்ற கோடை விடுமுறையில் எனக்குக் கிட்டியது. தேட வைத்தது ஒரு விளையாட்டுக் கணிப்பொறி; விடை காட்டியது எங்கள் ஊர் உப்பளம்.

நான் மரக்காணத்துக்காரன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் பேருந்துச் சன்னல் வழியே பார்த்து வியக்கும் வெள்ளைக் குவியல்களின் அடிவாரத்தில்தான் என் பெற்றோரின் வாழ்க்கை நடக்கிறது. மழை வந்தால் வேலை இல்லை. வெயில் அடித்தால் நிழல் இல்லை. அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அண்ணன் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். இரண்டு பேரை ஒரே சமயத்தில் படிக்க வைக்கும் வலு வீட்டுக்கு இல்லை. அவர் புதுச்சேரியில் கணிப்பொறி பழுது பார்க்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார், நான் படித்தேன்.

அண்ணனுக்கு ஓர் ஆசை. ஊரிலேயே பிள்ளைகள் வந்து விளையாடும் சிறு கடை ஒன்று வைக்க வேண்டும். அவர் கைவசம் ஒரு பழைய கணிப்பொறியும், அதில் ஜிடிஎக்ஸ் 1070 என்னும் கிராபிக்ஸ் கார்டும் இருந்தன. அது 2016இல் வந்தது. அதே இனத்தில் இன்னொரு பழைய கார்டு, அதைப் பொருத்த வேறு மதர்போர்டு, பெரிய பவர் சப்ளை எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் கேட்டார்கள். அம்மா காதில் கிடந்த தோட்டைக் கழற்றி முறத்தில் வைத்துவிட்டார். அப்போதுதான் அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“டேய் தம்பி, நீதான் காலேஜுல படிக்கிற. நீ சொல்லு. ரெண்டு கார்டு போட்டா ரெண்டு மடங்கு ஓடுமா?”

எத்தனையோ தேர்வு எழுதியிருக்கிறேன். தோட்டைப் பணயம் வைத்து யாரும் என்னிடம் வினாத்தாள் நீட்டியதில்லை. “ரெண்டு நாள் குடுண்ணா, பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

கார்டு செய்யும் வேலை

திரையில் தெரியும் ஒவ்வொரு படமும் புள்ளிகளால் ஆனது. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். நொடிக்கு 60 படம் வேண்டுமானால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. ஒரு புள்ளியின் நிறத்தைக் கணக்கிட, பெரும்பாலும் பக்கத்துப் புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவேதான் கிராபிக்ஸ் கார்டுக்குள் சின்னஞ்சிறு கணிப்பான்களைக் கூட்டம் கூட்டமாக வைக்கிறார்கள். ஜிடிஎக்ஸ் 1070இல் அவை 1,920. கார்டு ஒன்றுதான், உள்ளே இருப்பதோ ஓர் ஊர்!

அப்படியானால் இரண்டு ஊரைக் கூட்டினால் என்ன என்ற எண்ணம் புதியதன்று. 1998இல் த்ரீடீஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ 2 என்ற கார்டில் அதைச் செய்து காட்டியது. படத்தின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டும், இரட்டைப்படை வரிகளை மற்றொரு கார்டும் வரைந்தன. அந்நிறுவனத்தின் சொத்துகளை வாங்கிய என்விடியா, 2004இல் எஸ்எல்ஐ என்ற பெயரில் அந்த எண்ணத்துக்குப் புத்துயிர் கொடுத்தது. மறு ஆண்டே ஏடிஐ நிறுவனம் கிராஸ்ஃபயருடன் போட்டிக்கு வந்தது. இப்போது வேலையை வேறு விதமாகவும் பங்கிட்டார்கள்: முதல் படத்தை ஒரு கார்டு, அடுத்த படத்தை மற்றொரு கார்டு என மாறி மாறி வரைவது.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. முதலாவது, நினைவகம் கூடவில்லை. இரண்டு கார்டிலும் 8 ஜிபி இருந்தால் 16 ஆகும் என்று நினைப்போம். ஆகாது. காட்சிக்கு வேண்டிய பொருள்கள் அனைத்தும் இரண்டு கார்டிலும் இருந்தாக வேண்டும்; எனவே விளையாட்டுக்குக் கிடைப்பது அதே 8தான். இரண்டாவது, சீர்மை. ஒரு படம் 5 மில்லி நொடியிலும் அடுத்தது 28 மில்லி நொடியிலும் வந்தால், சராசரி நன்றாகத்தான் இருக்கும். கண்ணுக்கோ திக்கித் திக்கி ஓடும். மூன்றாவதுதான் முதன்மையானது. இன்றைய விளையாட்டுகள் பலவும் முந்தைய படத்திலிருந்து எடுத்த செய்தியைக் கொண்டே அடுத்த படத்தைச் செம்மைப்படுத்துகின்றன. முந்தையது முடியாமல் அடுத்தது எப்படி முடியும்? ஒரு கார்டு மற்றொன்றின் வாயைப் பார்த்துக் காத்திருக்க நேர்ந்தது.

உப்பளம் சொன்ன கணக்கு

மறுநாள் விடியற்காலை அப்பாவுக்குத் துணையாக அளத்துக்குச் சென்றேன். உவர்நீரை முதலில் அகன்ற பாத்திகளில் தேக்குகிறோம். வெயிலில் சுண்டச் சுண்ட அடுத்த பாத்திக்கு விடுகிறோம். நீரின் அடர்த்தி பாமே அளவில் 25 பாகையை நெருங்கினால்தான் உப்புப் பூக்கும். வாருவதற்கு இரண்டு ஆள் இறங்கினால் வேலை பாதி நேரத்தில் முடியும். ஆனால் சுண்டுவதற்கு? பத்து ஆள் இறங்கினாலும் வெயில் ஒன்றுதானே!

இதையே 1967இல் ஜீன் அம்டால் என்னும் கணிப்பொறி அறிஞர் கணக்காகச் சொன்னார். ஒரு வேலையில் நூற்றுக்கு 80 பங்கைப் பிரித்துக் கொடுக்கலாம், 20 பங்கைப் பிரிக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் செய்தால் அந்த 80 என்பது 40 ஆகும். 20 அப்படியே நிற்கும். 100 நிமிட வேலை 60 நிமிடத்தில் முடியும். வேகம் 2 மடங்கு அன்று, 1.67 மடங்கு. எண்ணற்றவர் வந்தாலும் 5 மடங்கைத் தாண்டாது. இதுவும் பேச்சும் காத்திருப்பும் இல்லாத நல்ல நாளில்!

அப்படியானால் கூடுவதே வீணா? இல்லை. 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிசெவ்ஸ்கி, இலியா சட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகிய மூவரும் படங்களை அடையாளம் காணும் போட்டியில் உலகை வியக்க வைத்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகள்; விளையாட்டுக்கென விற்றவையே! ஒன்றின் 3 ஜிபி நினைவகம் போதாததால் வலைப்பின்னலை இரு கூறாக்கி, இரண்டிலும் வைத்தார்கள். குறிப்பிட்ட சில படிகளில் மட்டும் கார்டுகள் ஒன்றோடொன்று பேசின; மற்ற நேரமெல்லாம் தத்தம் வேலையைப் பார்த்தன. ஹிண்டனுக்கு 2024ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது, இயற்பியல் பயிலும் நமக்கு இனிக்கும் செய்தியன்றோ!

நம் மண்ணிலும் சான்று உண்டு. புனேயில் 1988இல் தொடங்கிய சி-டாக் நிறுவனம், பல சிறு செயலிகளை இணைத்து 1991இல் பரம் 8000 மீக்கணிப்பொறியைப் படைத்தது. அந்த வழியில் வந்த ‘பரம் பொருள்’ 2022 மே மாதம் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதில் கிராபிக்ஸ் செயலிகளும் அணிவகுக்கின்றன. அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். வேலையை வரப்புக் கட்டிப் பிரித்து, மடை வழியாக மட்டும் செய்தி போக விட்டால் ஆயிரம் செயலிகளும் கூடி உழைக்கும். ஒரே பாத்தியில் ஆயிரம் பேரை இறக்கினால் சேறுதான் மிஞ்சும்.

நான் சொன்ன விடை

விளையாட்டு உலகம் இந்த உண்மையை உணர்ந்து ஒதுங்கிவிட்டது. 2021 சனவரி முதல் பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ அமைப்புகளைத் தருவதை என்விடியா நிறுத்தியது. 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் 3090 இனத்துக்கு மட்டுமே இணைப்பு வசதி இருந்தது. 2022இல் வந்த 40 வரிசையில் எதற்குமே இல்லை.

இரண்டாம் நாள் இரவு அண்ணனிடம் சொன்னேன்: “ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு கார்டு வேணாண்ணா. புது கேம்ல ரெண்டாவது கார்டு பெரும்பாலும் சும்மாதான் கெடக்கும். இருக்கிற ஒண்ண வெச்சுக் கடையத் தொற. வர்ற காசுல இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கி, அதுல ஒரு கார்டு போடு. ரெண்டு பசங்க தனித்தனியா விளையாடுவாங்க. அப்பதான் அது ரெண்டு மடங்கு.”

அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தனித்தனிப் பாத்தி, அதானே?” என்றார். நான் மூன்று பத்தியில் எழுதியதை அவர் மூன்று சொல்லில் முடித்துவிட்டார். அம்மா தோட்டை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறோம். முந்தைய படம் முடியாமல் அடுத்த படம் தெளியாது என்று மேலே எழுதினேன். அண்ணன் வரைந்து முடித்த படத்தின் மேல்தான் நான் இன்று வரைந்துகொண்டிருக்கிறேன். நமக்காகப் படிப்பை விட்டவர்களும் உப்பைச் சுமந்தவர்களும் ஒரு நாள் நம்மிடம் ஒரு கேள்வியோடு வருவார்கள். அது பாடப் புத்தகத்தில் இருக்காது. அன்று வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், இரண்டு நாள் தவணை கேட்டாவது கணக்குப் போட்டுச் சொல்வோம். நாம் கற்றதற்கு அவர்கள் கேட்கும் வட்டி அவ்வளவுதான்.