மடக்கினால் விழும் வெள்ளைக் கோடு

அரிசி மூட்டையில் ‘சார்டெக்ஸ்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, அது ஏதோ அரிசி ரகம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். கறுத்த அரிசியையும் கல்லையும் கேமராவால் பார்த்து, காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரத்தின் பெயர் அது. 1947இல் தொடங்கிய ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயர் நம்மூர் மளிகைக்கடை வரை வந்து தங்கிவிட்டது. காங்கயத்து அரிசி ஆலைகளில் பார்த்த அந்த வித்தைக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் பிளாஸ்டிக் ஆலையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, ஈரோட்டுக்கு வெளியே பெட் பாட்டில்களை மறுசுழற்சி செய்யும் ஆலை ஒன்றுக்குப் போயிருந்தேன்.

வாசலிலேயே வாடை தூக்கியடித்தது. புளித்துப்போன குளிர்பானமும் ஈர மண்ணும் கலந்த வாடை. கம்பி போட்டு இறுக்கிய பேல்கள் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன. எல்லாம் குப்பை பொறுக்குபவர்களும் பழைய இரும்புக் கடைக்காரர்களும் கைமாற்றி அனுப்பிய சரக்கு. பேலை உடைத்தால் பாட்டில்கள் பெல்ட்டில் ஏறுகின்றன. அங்கே முதலில் அவற்றைப் பார்ப்பவர்கள் ஆறு பெண்கள். ஒற்றைச் செருப்பு, தேங்காய்ச் சிரட்டை, மருந்துப் புட்டி, ஊசி என்று எது வந்தாலும் அவர்கள் கைதான் எடுக்கிறது.

அதற்கு அடுத்தது இயந்திரம். விநாடிக்கு சுமார் 3 மீட்டர் வேகத்தில் கறுப்பு பெல்ட் ஓடுகிறது. பாட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரவலாகப் போகின்றன. மேலே வரிசையாக ஹாலஜன் விளக்குகள். அந்த ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியைத்தான் சென்சார் படிக்கிறது. ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் அதில் சில அலைநீளங்களை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பெட் விழுங்குவது வேறு, பாலிபுரோப்பிலீன் விழுங்குவது வேறு, பிவிசி விழுங்குவது வேறு. கைரேகை மாதிரி. பெல்ட் முடிகிற இடத்தில் பாட்டில் அந்தரத்தில் பாயும்போது, கீழே வரிசையாக உள்ள காற்றுத் துளைகளில் உரியது மட்டும் திறந்து ‘டப்’பென்று அடிக்கிறது. அடி வாங்கியது தடுப்பைத் தாண்டி ஒரு பக்கம், வாங்காதது இன்னொரு பக்கம். சரவெடி கொளுத்திப் போட்டது போலச் சத்தம் ஓயவே இல்லை.

“எதுக்குங்க இவ்வளவு பாடு?” என்று மேலாளரிடம் கேட்டேன். “எல்லாம் பிவிசிக்காகத்தானுங்க” என்றார். மூடிகள் பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மிதந்துவிடும், அள்ளிவிடலாம். பிவிசியும் பெட்டும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. இரண்டும் சேர்ந்தே முங்கும். பெட் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்கு முன்பே பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும். பெட் மஞ்சளாகும், கரும்புள்ளி விழும், இயந்திரம் அரித்துப்போகும். பாட்டிலை அரைத்து எடுக்கும் சில்லு ஒரு டன்னில் 50 கிராம் பிவிசி இருந்தாலே அவருடைய வாடிக்கையாளர்கள் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

இந்தக் கறார் இனி கூடத்தான் செய்யும். கெட்டி பிளாஸ்டிக் பொதிகளில் 2025-26இல் 30 சதவீதமும் 2028-29க்குள் 60 சதவீதமும் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு விதி. பழைய பாட்டில் துணிநூலாகப் போனால் ஓரளவு கலப்பை மன்னிப்பார்கள். மறுபடி பாட்டிலாகவே வர வேண்டுமென்றால் மன்னிப்பில்லை.

முன்வரிசைப் பெண்களில் மூத்தவரை எல்லோரும் பெரியக்கா என்கிறார்கள். பதினான்கு வருடமாக இந்த வேலை. தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு பாட்டிலை என் முன் மடக்கினார்.

“மடக்குன எடத்துல வெள்ளைக் கோடு விழுதுங்களா? இது பிவிசி. பெட்டுன்னா சடசடன்னு மடங்கும், இப்படிக் கோடு விழாது. அடியத் திருப்பிப் பாருங்க. பெட்டுக்கு நடுவுல புள்ளி இருக்கும். இதுக்குக் கோடு.”

பார்த்தேன். புள்ளி இல்லை, கோடுதான்.

“மிசினுக்கு இது தெரியாதுங்களா?”

“இது தெரியுமுங்க. சட்டை போட்டு வந்தாத்தான் தெரியாது.”

சட்டை என்று அவர் சொன்னது பாட்டிலைக் கழுத்திலிருந்து அடிவரை இறுக்கிச் சுற்றியிருக்கும் உறையை. பிவிசி பாட்டில் இப்போது அரிது. பிவிசி வருவது பெரும்பாலும் இந்த உறையாகத்தான். சென்சார் படிப்பது மேலே உள்ளதை. உறை பிவிசி என்றால், உள்ளே நல்ல பெட் இருந்தும் பாட்டில் கழிவுக்குப் போகும். கறுப்பு பிளாஸ்டிக்கின் கதி இன்னும் மோசம். அதிலுள்ள கார்பன் கரி ஒளி முழுவதையும் விழுங்கிவிடுவதால், கறுப்பு டப்பாவும் கறுப்பு பெல்ட்டும் இயந்திரத்துக்கு ஒன்றுதான்.

அரைத்து, காஸ்டிக் சோடா போட்ட வெந்நீரில் அலசிய பிறகு, சில்லுகள் இன்னொரு இயந்திரத்தில் அருவி போல விழுகின்றன. இதுதான் நான் தேடிப்போன அரிசி ஆலைத் தம்பி. நகக்கண் அளவுச் சில்லில் நிறம் மாறியிருந்தால் ஊதித் தள்ளுகிறது. அதற்கும் பிறகு ஒரு மேசையில் மூன்று பெண்கள் மாதிரி எடுத்துக் கொட்டி விரலால் கிளறிப் பார்க்கிறார்கள்.

இயந்திரம் வருமுன் இங்கே 22 பெண்கள் பிரித்தார்கள். இன்று முன்னும் பின்னுமாக ஒன்பது பேர். மற்றவர்கள் நூற்பாலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்விட்டார்களாம். “இடுப்பு வலி கொறைஞ்சுதுங்க. ஆளும் கொறைஞ்சு போச்சு” என்றார் பெரியக்கா. அவர் குரலில் நன்றியும் இல்லை, புகாரும் இல்லை.

பேசிக்கொண்டே கையிலிருந்த சின்ன பிளேடால் உறைகளைக் கீறி உரித்துக்கொண்டிருந்தார். நான் நின்ற பத்து நிமிடத்தில் 30 பாட்டிலாவது இருக்கும். முழு உறை போடும் நிறுவனங்கள் அதைப் பாதியாகக் குறைக்கலாம். குறைந்தபட்சம் கிழிப்பதற்கு ஓட்டைவரி போட்டுத் தரலாம். அதுவரை, காலி பாட்டிலைக் குப்பையில் போடும்முன் உறையை நாமே கிழித்துவிடுவோம். வீட்டில் அது ஐந்து விநாடி வேலை. அங்கே அது ஒருவருக்கு நாள் முழுவதும் செய்கிற வேலை.