நான்கு மணி நேர முத்து

மரவள்ளி மாவு முத்து வெந்துவிட்டதா என்பதைக் கடிகாரம் சொல்லாது; பல்தான் சொல்லும். மணிலாவை ஒட்டிய கேஸோன் சிட்டியில், ஒரு கல்லூரி வாசலில் பத்து வருஷமாக முத்து ஷேக் கடை நடத்துகிறேன். இன்றைக்கும் முதல் பானையிலிருந்து ஒன்றை எடுத்து, ஊதி, கடைவாயில் போட்டுக் கடித்துப் பார்த்த பிறகுதான் ஷட்டரைத் தூக்குவேன். கடித்த பாதியின் நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் மாவு வேகவில்லை. பல்லில் அப்பிக்கொண்டால் குழைந்துவிட்டது.

இந்த ஊருக்கு முத்து புதிதல்ல. தைவானிலிருந்து பால் தேநீர் வருவதற்கு வெகு காலம் முன்பே தெருவோரத்தில் சாகோத் குலாமான் விற்றார்கள். பழுப்புச் சர்க்கரைப் பாகு, கடற்பாசி ஜெல்லித் துண்டு, ஜவ்வரிசி, ஐஸ். பாகில் பாண்டான் இலையை முடிந்து போடுவார்கள். ஈழத்துச் சமையலில் ரம்பை என்பார்களே, அதன் வாசம்தான். காலையில் தாஹோக்காரர் காவடி மாதிரி இரண்டு அலுமினிய வாளிகளைத் தோளில் சுமந்து வருவார். ஒன்றில் இளஞ்சூடான சோயாக் கட்டி, இன்னொன்றில் பாகும் முத்தும். முத்துக்கு மாவு தரும் மரவள்ளிக்கு இங்கே பெயர் ‘காமோதெங் காஹோய்’. மரத்து வள்ளிக்கிழங்கு என்று அர்த்தம். முதல் தடவை கேட்டபோது சிரித்துவிட்டேன்.

1999இல் ஜெனவீவ் லிம் சாந்தோஸ் ‘ஜாகு’வைத் தொடங்கினார். தேநீரை விட்டுவிட்டு, பொடியும் ஐஸும் அடித்த ஷேக்கில் முத்தைப் போட்டார். ஒரு சின்ன ஸ்டால், ஒரு பிளெண்டர், தடித்த ஸ்ட்ரா போதும். பார்த்தவர்களெல்லாம் அதே கடையைப் போட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் முத்தால்தான் கெட்டார்கள் என்பது என் எண்ணம். பொடி எந்த ஊரில் கலக்கினாலும் ஒரே ருசி. முத்து அப்படியில்லை.

எனக்கு அந்தப் பாடம் இரண்டாவது கடையில் கிடைத்தது. ஒரே இடத்தில் வேகவைத்து இரண்டு கடைக்கும் அனுப்பினால் கேஸும் ஆளும் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். விடியற்காலையில் வேகவைத்து, கெட்டுவிடுமோ என்று ஐஸ் பெட்டியில் வைத்து ஜீப்னி வண்டியில் அனுப்பினேன். மதியத்துக்குள் ஃபோன்: “கூயா, பிள்ளைங்க முத்தைத் துப்புறாங்க.” கூயா என்றால் அண்ணன். போய்க் கடித்துப் பார்த்தேன். பழைய ரப்பர். வெந்த மாவு குளிரில் மறுபடி இறுகிவிடும். சில்லென்ற பழைய சோறு விறைக்கிற அதே சங்கதி. இது தெரியாமலா இத்தனை வருஷம் சோறு தின்றேன்!

இப்போது ஒவ்வொரு கடையிலும் ஒரு பானை. ஒரு பங்கு முத்துக்கு எட்டுப் பங்கு தண்ணீர், தளதளவென்று கொதிக்கும்போதுதான் போட வேண்டும். சேலத்து ஜவ்வரிசியை ஊறவைக்கிற பழக்கத்தில் இந்தக் கறுப்பு முத்தைப் பச்சைத் தண்ணீரில் போட்டால் கரைந்து கூழாகிவிடும். மேலே மிதந்து வரும்வரை கிளறக் கூடாது, அவசரப்பட்டால் உடையும். அரை மணி வெந்து, அடுப்பை அணைத்து, மூடியோடு அரை மணி கிடக்கட்டும். பிறகு அலசிப் பாகில் போட வேண்டும். அங்கிருந்து நான்கு மணி நேரம்தான் அதன் ஆயுசு. மிஞ்சியதைக் கொட்டிவிடுவேன். ஆகவே மழை நாளில் சின்னப் பானை, பரீட்சை முடிகிற நாளில் இரண்டு பானை. என் லாபமும் நஷ்டமும் காலையில் வானத்தைப் பார்ப்பதில் இருக்கிறது.

மூன்றாவது கடைக்கு இடம் வந்து ஆறு மாதமாகிறது. வாடகையும் படிகிறது. எனக்கு முதல் கடையிலிருந்து பானை பார்க்கும் அக்காவை, இந்த ஊர் வழக்கப்படி ‘ஆதெ’ என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் புது இடத்துக்கு யாரைப் போடலாம் என்று கேட்டேன். பதில் சொல்லாமல், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமான பையனிடம் கரண்டியை நீட்டினார். அவன் ஒரு முத்தைக் கடித்து, கண்ணை மூடி, “இன்னும் அஞ்சு நிமிஷம், ஆதெ” என்றான்.

நானும் ஒன்றைக் கடித்தேன். ஏழு நிமிஷம் ஆகும்.