எங்கள் ஊர் நர்ஸ் அக்காவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா,

எனக்குப் பிள்ளை பிறந்த புதன்கிழமை நீங்கள் பக்கத்து ஊரில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தீர்கள். பிரசவ அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் அன்றே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டோம். ஆனால் என் சுகப்பிரசவம் அந்த அறையில் தொடங்கியதல்ல. மாதக்கணக்காக எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் பார்த்த வேலை அது.

முதல் பரிசோதனையில் எனக்கு ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை குமட்டியது, மலம் கறுத்தது. பயந்து நிறுத்தவிருந்தேன். "கறுப்பாத்தான் போகும், பயப்படாத. ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடு. கூடவே டீ, காபி குடிச்சிராத" என்றீர்கள். அதிலும் ஏறாதபோது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் இரும்புச்சத்தை டிரிப்பில் ஏற்ற வைத்தீர்கள். ரத்தம் குறைந்த உடம்பு பேறுகால உதிரப்போக்கைத் தாங்காது என்று அன்று என் மாமியாருக்கும் சேர்த்து விளக்கினீர்கள். அதன்பிறகு வீட்டில் முருங்கைக்கீரைக்குப் பஞ்சமே இல்லை.

தலைச்சன் பிள்ளை, பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல நட்சத்திரம் பார்த்து ஆபரேஷன் செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 60 சதவீதத்துக்கும் மேல். நீங்கள் ஆபரேஷனைப் பழிக்கவில்லை. "பிள்ளைக்கு நாடித்துடிப்பு குறைஞ்சாலோ உனக்கு பிரஷர் ஏறினாலோ நானே 108-ல ஏத்தி அனுப்புவேன். நேரம் குறிச்சு வயித்தக் கிழிக்க வேணாம்" என்றீர்கள். முடிவை என் கையில் கொடுத்துவிட்டு, எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதையும் சொல்லித் தந்தீர்கள். அந்த மரியாதையை எனக்கு வேறு யாரும் தந்ததில்லை. வலி கண்ட நேரத்தில் அம்மா உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தீர்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கச் சொன்ன ஆச்சியிடம் சண்டை போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ஆச்சி, இதுதான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து. ஆறு மாசத்துக்குத் தண்ணிகூட வேணாம்" என்று பேசிப் பேசியே சம்மதிக்க வைத்தீர்கள். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் இருக்கட்டும், காய்கறியையும் முட்டையையும் மட்டும் விலக்காதீர்கள் என்று பத்தியத்தையும் தளர்த்தினீர்கள்.

வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். நீங்கள்தான் என் முகத்தைப் பார்த்து, "நீ தூங்குறியா?" என்று கேட்டீர்கள். காரணம் தெரியாமல் அழுதேன். பெற்ற உடம்புக்கு முதல் சில நாள் அப்படித்தான் இருக்கும் என்றீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று என் கணவரிடம் கண்டிப்பாகச் சொன்னீர்கள். ராத்திரியில் பிள்ளையை அவர் தூக்கிக்கொள்ளத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. காலியிடம் நிரம்பாத பக்கத்து ஊரையும் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். பகலெல்லாம் வீடு வீடாக நடந்துவிட்டு, இரவில் கர்ப்பிணிகள், குழந்தைகள் விவரங்களைப் பிக்மி என்ற கணினிப் பதிவில் ஏற்றுகிறீர்கள். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். அந்த வேறுபாட்டில் உங்களைப் போன்ற கிராம சுகாதார செவிலியர்கள் நடந்த நடையும் இருக்கிறது. எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் காலியாக இருந்தால், அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தீர்மானமாகவே எழுத வையுங்கள்.


உங்கள் கைராசியில் பிள்ளை பெற்ற ஒரு தங்கை