முதல் அரை மணி நேரம்

போன மாசம் ஆபீஸ்ல எனக்கு ஒரு கேடயம் குடுத்தாங்க. நாங்க மூணு பேர் சேர்ந்து செஞ்ச ஒரு சமாச்சாரத்துக்குக் காப்புரிமை கேட்டு கம்பெனி விண்ணப்பம் போட்டிருக்கு. (கிடைச்சதுக்கு இல்ல மக்களே, கேட்டதுக்கே கேடயம்!) கூடவே ஆளுக்கு 25,000 ரூபாய். அம்மா அதை ஷோகேஸ்ல தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்துல வெச்சிட்டாங்க. வர்றவங்க எல்லாம் "தம்பி விஞ்ஞானியா?"ன்னு கேட்கிறாங்க. பொட்டி தட்டுறவனுக்கு இதெல்லாம் ரொம்ப ஓவர் :-)

சரி, மேட்டர் இதுதான். நூல் மில் இயந்திரங்களில் பேரிங் எப்போது போகப்போகிறது என்று அதிர்வை வைத்து முன்கூட்டியே சொல்லும் மென்பொருள். கோவைப் பக்கம் ஒரு மில்லில் சென்சார் ஒட்டி சோதனை ஓட்டம் விட்டோம். வாரத்துக்கு நாலு தடவை "பேரிங் போச்சு"ன்னு அலறும். பிரிச்சுப் பார்த்தா பேரிங் கல்லு மாதிரி இருக்கும். மானம் போச்சு.

அங்கே ஒரு ஃபிட்டர் அண்ணன், ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் கூட்டின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். அவ்வளவுதான் அவருடைய சென்சார். மூணாவது வாரம் என்னைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, டீ குடிக்கும்போது சொன்னார்: "தம்பி, நிறுத்திப் போட்ட மிசினு ஓட ஆரம்பிச்சா மொத அரை மணி நேரம் அது பேசுறத நம்பாதீங்க. லீவு முடிஞ்சு வந்தவனாட்டம் சும்மா மொனகுமுங்க. கிரீஸ் சூடாகணும், அப்புறந்தான் நெசம் பேசும்."

அன்னைக்கு ராத்திரியே அந்த முதல் முப்பது நிமிடத்து அளவுகளைத் தூக்கிப் போட்டேன். பொய் அலறல் பாதிக்கு மேல் நின்றுபோனது. பிறகு அதையே கொஞ்சம் அலங்கரித்து, 'வெப்பநிலை சார்ந்த தொடக்கக் காலத் தவிர்ப்பு' என்று பெயர் வைத்தோம். விண்ணப்பத்தில் முக்கியமான உரிமைக் கோரிக்கை அதுதான். பெயர்கள் மூன்று. அண்ணன் பெயர் இல்லை.

எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. கேடயம் வந்த பிறகுதான் உறுத்த ஆரம்பிச்சது. மேலாளரிடம் கேட்டேன். "அவர் சொன்னது தகவல். நாம செஞ்சதுதான் கண்டுபிடிப்பு" என்றார். தகவல் எங்கே முடிந்து கண்டுபிடிப்பு எங்கே தொடங்குகிறது? கேட்டால் தத்துவ விசாரணை மாதிரி இருக்கிறது. ஆனால் 25,000 ரூபாய் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் போகும் என்பதும் அதில்தான் முடிவாகிறது.

மைக்கேல் பொலானி என்று ஒரு வேதியியல்காரர், பின்னாளில் தத்துவத்துக்குப் போனவர். சொல்லில் முழுசாகக் கொண்டுவர முடியாத அறிவு ஒன்று இருக்கிறது, அது இல்லாமல் விஞ்ஞானமே நடக்காது என்று வாதாடினார். அவருடைய அண்ணன் கார்ல் பொலானி, நிலத்தையும் உழைப்பையும் சந்தை எப்படிச் சரக்காக்கியது என்று 1944-இல் புத்தகம் போட்டவர். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் மில்லுக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் அகத்தியர் மலைக் கதையைச் சொல்லியே ஆகணும். 1987-இல் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு ஆய்வுக் குழு அங்கே ஏறியது. வழிகாட்ட வந்த காணி மக்கள் ஏதோ ஒரு சின்னப் பழத்தை மென்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். படித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. அது என்ன என்று கேட்டால் முதலில் சொல்ல மறுத்தார்கள். பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. ஆய்வகத்தில் அதன் இலையை ஆராய்ந்து, வேறு மூன்று மூலிகைகளோடு சேர்த்து 'ஜீவனி' என்று மருந்தாக்கினார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்துத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அந்த உரிமத்தைக் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்குக் கொடுத்தது. பத்து லட்சம் ரூபாய், அதோடு விற்பனையில் 2 சதவீதம். இதில் பாதியைக் காணிகளுக்குக் கொடுப்பதாக முடிவு செய்தார்கள். அதற்காக 1997-இல் ஒரு அறக்கட்டளையும் பதிவானது. பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002-இல்தான். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே இதைச் செய்தார்கள்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். காணிகளிலேயே மருத்துவம் தெரிந்த மூத்தவர்கள் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. குலத்துக்கே உரிய ரகசியத்தை வழிகாட்டப் போனவர்கள் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார்கள். செடியை வளர்த்து விற்கலாம் என்றால் வனத்துறை முட்டுக்கட்டை போட்டது. அறிவுக்குப் பங்கு கொடுத்தாயிற்று, காடு மட்டும் அவர்களுடையது இல்லை!

மஞ்சள் வழக்கும் நினைவுக்கு வருகிறது. புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியா எதிர்த்தது, 1997-இல் ரத்தானது. பாட்டிமார் சாட்சி சொல்லி அதை ஜெயிக்கவில்லை, எழுத்திலும் அச்சிலும் இருந்த ஆதாரங்களைக் காட்டித்தான் ஜெயித்தார்கள். எங்கள் அண்ணனின் அரை மணி நேரம் எங்கே அச்சாகியிருக்கிறது? முதன்முதலாக அது எழுத்தில் ஏறியதே எங்கள் விண்ணப்பத்தில்தான்.

அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி மெயில் எழுதி அனுப்பிவிட்டேன். "பார்க்கலாம்" என்று ஒரு வரியில் பதில் வந்திருக்கிறது.

போன சனிக்கிழமை மில்லுக்குப் போய் அண்ணனிடமே எல்லாவற்றையும் சொன்னேன். பெருந்தன்மையாக "அதனாலென்ன தம்பி" என்பார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அவர் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு குடுத்தாங்க?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார்.

"மழைக்காலத்துல இன்னொரு சங்கதி இருக்குதுங்க தம்பி. அது இத விடப் பெருசு. டீய குடிங்க, மொதல்ல கணக்கப் பேசிக்கலாம்."