பெயர் எழுதாத பொட்டலம்

ஊருக்குப் போகிற வீட்டில் பெட்டி கட்டுவது எப்படி இருக்கும் என்று நம் சபைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடாலித் தைலம் ஒரு டஜன், மைலோ, சோப்பு, சாக்லெட், ஆச்சியின் முழங்காலுக்குக் களிம்பு. ஒவ்வொரு பொட்டலத்திலும் யாருக்கு என்று அம்மா பெயர் எழுதுவார்கள். எடை 30 கிலோவைத் தாண்டினால் வெளியே வருவது எங்கள் துணிகள்தான். பொட்டலம் எதுவும் வெளியே வராது. சென்ற ஜூன் விடுமுறைக்குக் கட்டிய பெட்டியில் ஒரே ஒரு பொட்டலத்தில் மட்டும் பெயர் இல்லை. யாருக்கு என்று கேட்டோம். "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார்கள் அம்மா. அப்பா காதில் விழாதது போலப் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் மூன்று பேர். அக்காவுக்கு 15 வயது, நடுவிலுள்ளவனுக்கு 12, கடைக்குட்டிக்கு 9. இதை மூவரும் சேர்ந்தே எழுதுகிறோம். கடைசியாக ஊருக்குப் போனது தாத்தாவின் அடக்க ஆராதனைக்கு. அது ஆறு வருஷத்துக்கு முன்னால்.

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் நாலு மணி நேரம். அங்கிருந்து இரவு முழுவதும் செந்தூர் எக்ஸ்பிரஸ். மறுநாள் ரயில் நின்ற நிலையத்தின் பலகையில் 'நாசரேத்' என்று இருந்ததைப் பார்த்துக் கடைக்குட்டி துள்ளி எழுந்தான். "இயேசு வளர்ந்த ஊரா?" பக்கத்து இருக்கைப் பெரியவர் சிரித்து, இந்தச் சீமையில் இப்படிப் பல பெயர் உண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார். முதலூர், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம். 1799இல் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் துன்பத்துக்குத் தப்பித் தங்களுக்கென்று உண்டாக்கிய முதல் ஊர் என்பதால்தான் அது முதலூர் என்றார். ஊரை விட்டுப் போய் வேறிடத்தில் குடியேறுவது எங்கள் அப்பாவோடு தொடங்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

வேனில் போகும்போது பனைமரங்களுக்கு மேலே மெஞ்ஞானபுரம் தேவாலயத்தின் கோபுரம் தெரிந்தது. 192 அடி. நாங்கள் குடியிருக்கும் 12 மாடி புளோக்கைவிட அது உயரம் என்பதைக் கடைக்குட்டி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆச்சி வீட்டில் எங்களுக்கு எல்லாமே புதுசு. விடியற்காலையில் பனையேறி இறக்கிய பதநீரை ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்தோம். புளித்துப் போகாமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள் என்று மாமா மகன் காட்டினான். பதநீரைப் பெரிய சட்டியில் மணிக்கணக்காகக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி ஆற வைத்தால் கருப்பட்டி. அந்த வாசனை எங்கள் சட்டைகளில் இன்னும் இருக்கிறது என்று அம்மா சொல்கிறார்கள்.

எல்லாரையும் பார்த்தாயிற்று, பெரியப்பா வீட்டைத் தவிர. பெரியப்பா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். தாத்தா போன பிறகு பனங்காட்டைப் பங்கு வைப்பதில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. விவரம் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் வீட்டில் நடப்பது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகாது. கிறிஸ்மஸ் காலையில் பெரியப்பாவின் போன் வருவது நின்றிருந்தது. பழைய படங்களைக் காட்டும்போது சிலவற்றை அப்பா வேகமாகத் தள்ளிவிடுவார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா அந்தப் பெயரில்லாத பொட்டலத்தை எடுத்து அக்கா கையில் கொடுத்தார்கள். "மூணு பேரும் போய்ப் பெரியப்பாவைப் பாத்துட்டு வாங்க" என்று சொன்னது அப்பா. தெருமுனைவரை கூடவே வந்து, அங்கேயே நின்றுகொண்டார்கள்.

ஞாயிறு பள்ளியில் யாக்கோபு ஏசா கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அண்ணனைப் பார்க்கப் பயந்து யாக்கோபு ஆடுமாடுகளை மந்தை மந்தையாக முன்னால் அனுப்புவான். எங்கள் அப்பாவிடம் மந்தை இல்லை. எங்களை அனுப்பினார்கள்.

வாசலில் நின்று என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் பெரியம்மா ஓடி வந்தார்கள். "வாங்க மக்கா, உள்ள வாங்க, வாசல்லயா நிப்பிய?" பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். கடைக்குட்டியின் தலையில் கைவைத்து, "ஏலே, நீ மூணாங்கிளாஸ்லா? கணக்கு வருதா?" என்றார்கள். அக்காவுக்குப் பரீட்சை எப்போது, நடுவிலுள்ளவனுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது, எல்லாம் தெரிந்திருந்தது. அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்துக் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை பாடி, ஆளுக்கொரு வசனம் வாசித்தோம். பிறகு பெரியப்பா ஜெபித்தார்கள். ஆச்சியின் உடம்புக்காக, மழைக்காக. பின்பு எங்கள் மூன்று பேரின் பெயரையும் வரிசை தவறாமல் சொன்னார்கள். கடைசியில், "சிங்கப்பூரில் இருக்கிற தம்பியையும் அவன் கையின் வேலையையும் காத்துக்கொள்ளும்" என்றார்கள்.

அப்பா அந்த நேரம் சிங்கப்பூரில் இல்லை, இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய ஜெபம் என்று அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. ஆறு வருஷமாகத் தம்பியோடு பேசாதவர், ஆறு வருஷமாகத் தம்பிக்காக ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பி வந்து அதை அப்படியே அப்பாவிடம் சொன்னோம். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கொசுவலையைக் கட்டுங்க" என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து ஊர் ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகை. காலையில் ஆராதனை, அடுத்து காணிக்கைப் பொருட்களின் ஏலம், கடைசியாக அசனம். ஏலத்தை நாங்கள் முதல்முறையாகப் பார்த்தோம். ஒரு கோழி, ஒரு கட்டு முருங்கைக்காய், ஒரு பூசணிக்காய். கடை விலையை யாரும் நினைப்பதில்லை. ஆண்டவருக்கென்று படைத்தது என்பதால் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஒரே ஒரு முட்டை 200 ரூபாய்க்குப் போனபோது கடைக்குட்டி எங்கள் கையைக் கிள்ளினான்.

பிறகு ஆச்சி கொடுத்த ஓலைக் கொட்டான் வந்தது. தாத்தாவின் பனங்காட்டுக் கருப்பட்டி, பத்துச் சிரட்டை. அப்பா 500 என்றார்கள். பின்னாலிருந்து 1,000 என்று ஒரு குரல். பெரியப்பா! அப்பா 1,500 என்றார்கள். 2,000. 3,000. ஆலய முற்றம் முழுவதும் அமைதி. யார் யாரோடு ஏலம் கேட்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பா 4,000 என்றார்கள். ஏலம் விடுபவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்கள்: "விட்டுருடே, தம்பி எடுக்கட்டும்."

ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். சிங்கப்பூர்க் கணக்கில் ஏறக்குறைய 60 வெள்ளி. அப்பா கொட்டானை வாங்கிக்கொண்டு நேராகப் பெரியப்பாவிடம் போனார்கள். ஐந்து சிரட்டைக் கருப்பட்டியை எண்ணி எடுத்து அவர்கள் துண்டில் வைத்தார்கள். "அண்ணே, சாப்ட்டாச்சா?" என்று கேட்டார்கள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அப்பா கேட்ட முதல் கேள்வி அதுதான். யாரும் சாப்பிடவில்லை, அசனம் அப்போதுதான் பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்களும் வந்து உட்கார்ந்திருந்த அந்தப் பந்தியில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதிகம் பேசவில்லை. பெரியப்பா தன் இலையிலிருந்த கறித்துண்டை எடுத்து அப்பா இலையில் வைத்ததை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

பனங்காடு கடைசியில் யாருக்கு என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. அந்தப் பேச்சு முடியவில்லை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் இப்போது ஞாயிறு மத்தியானம் வாட்ஸ்அப்பில் பெரியப்பா கூப்பிடுகிறார்கள். மழை பெய்ததா, ஆச்சிக்கு முழங்கால் எப்படி என்று பேச்சு போகிறது. நிலத்தைப் பற்றி என்றாவது பேச வேண்டிவந்தாலும், பேசிப் பழகிய இரண்டு பேர் பேசுவார்கள்.

நண்பர்களே, டிசம்பர் விடுமுறையில் நம்மில் பலர் ஊருக்குப் போகப்போகிறோம். சிலருக்கு நாகர்கோவில், சிலருக்கு மதுரை, சிலருக்கு யாழ்ப்பாணம். எந்த ஊராக இருந்தாலும், நம் பெற்றோர் போகாமல் விட்ட வீடு ஒன்று இருக்கக்கூடும். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நம்மால் ஆகாது. ஆனால் அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ஒரு பொட்டலத்தோடு அந்த வீட்டுக்குப் போய்வர நம்மால் ஆகும். பிள்ளைகளை வாசலோடு திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது.